வெள்ளை உடுப்பை வெளுத்த கைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்ஸின் இம்ப்ரெஷனிச ஓவியர்களின் கடற்கரைப் படங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வெளிச்சத்தையும் வண்ணத்தையும் அழகாக விளக்கியிருந்தார்கள். ஆனால் ‘மக்கள் ஓய்வெடுக்கும் காட்சிகள்’ என்று ஒரே வரியில் தாண்டிப் போனது மனதை உறுத்துகிறது. எந்த மக்கள்?

பிரான்ஸின் வடக்குக் கடற்கரையில் மீன்பிடி ஊராக இருந்த த்ரூவிலுக்கு 1863இல் ரயில் வந்ததும், பாரிஸின் வசதி படைத்தவர்கள் இன்னும் அதிகமாக வந்து இறங்கினார்கள். கூலிக்காரருக்கு அங்கே நாற்காலி போட்டு உட்கார நேரம் ஏது? தொழிலாளர் எல்லோருக்கும் சம்பளத்தோடு விடுமுறை என்று பிரான்ஸில் சட்டம் வந்ததே 1936இல்தான்.

1867 கோடையில் இம்ப்ரெஷனிச ஓவியர் மோனே, அதே வடக்குக் கரையிலுள்ள சேன்ட் அத்ரெஸ் என்ற ஊரின் கடற்கரையை வரைந்த இரண்டு படங்களைப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒன்றில் நல்ல வெயில், கடல் ஏறியிருக்கிறது. படகுப் போட்டியை நல்ல உடுப்பு உடுத்தியவர்கள் கரையிலிருந்து வேடிக்கை பார்க்கிறார்கள். மற்றதில் மேகமூட்டம், கடல் வற்றிய நேரம். கரையேற்றிய படகுகளும் மீனவர்களும் முன்னால் நிற்க, தள்ளிச் சின்னதாக ஓர் ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஆண் தொலைநோக்கியில் பார்ப்பது மீனவர்களை அல்ல, கடலை.

மாலுமி மகனான ஓவியர் யூஜேன் பூதேனைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வார்த்தை இருந்திருக்கலாம். த்ரூவில் சீமாட்டிகளை வரைந்தே பெயர் வாங்கியவர் அவர். 1867இல் உழைக்கிற ஜனங்களோடு ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியதும், அந்தக் கடற்கரை வெறும் வேஷக்கூத்தாகத் தெரிகிறது, இந்தச் சோம்பலை வரைய வெட்கமாக இருக்கிறது என்று நண்பருக்கு எழுதினார். அடுத்த வருடமே, கடற்கரைக்கு வரும் இந்த வசதிக்காரர்களிலும் உழைத்துக் களைத்து வருகிறவர்கள் உண்டே, இவர்களுக்கும் படத்தில் இடம் வேண்டாமா என்றும் எழுதினார். இரண்டையும் அவர் மனதாரத்தான் எழுதினார் என்று நான் நம்புகிறேன். ஏனென்றால் அதே ஊரின் தூக் ஆற்றங்கரையில் குனிந்து துணி வெளுக்கும் பெண்களையும் அவர் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார்.

மோனே 1870இல் த்ரூவிலில் வரைந்த சின்னப் படம் ஒன்று லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அவர் மனைவி கமீல் வெள்ளை உடுப்பில் குடை பிடித்து உட்கார்ந்திருப்பார். மகள் வீட்டுக்குப் போனபோது அதைக் கிட்டத்தில் நின்று பார்த்தேன். காற்றில் பறந்து வந்த மணல் பெயின்டில் அப்படியே ஒட்டிக் காய்ந்திருக்கிறது. இதே மணல் அந்த உடுப்பின் ஓரத்திலும் ஒட்டியிருக்கும். அதை அலசிப் பிழிந்த கை எதுவோ என்று நினைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அப்புறம் அதே கேலரியில் இன்னொரு பிரெஞ்சு ஓவியரான தெகாவின் கடற்கரைப் படத்தில் ஒரு பணிப்பெண்ணைப் பார்த்தேன். படுத்திருக்கும் சிறுமிக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு வேண்டுகோள். சேன்ட் அத்ரெஸ் படங்களில் ஒன்று நியூயார்க்கிலும் மற்றது சிகாகோவிலும் இருக்கின்றன. அடுத்த இதழில் இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சிடுங்கள். பூதேனின் சலவைப் பெண்கள் படம் ஒன்றையும் கீழே போட்டால் என் மாணவர்களுக்குக் காட்டுவேன்.

அன்புடன்,
ஓர் ஓவிய ஆசிரியை,
கும்பகோணம்