சேகருக்கு, அந்தக் குன்றைப் பற்றி

அன்புள்ள சேகர்,

பதில் போட மூன்று வாரம் ஆகிவிட்டது, தப்பா எடுத்துக்காதே. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது, இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறாள்.

பாப்பாவின் பாடத்துக்காக நீ அனுப்பிய படம், மொட்டைக் குன்றின் உச்சியில் மரச்சிலுவை, அது அண்டார்க்டிகாவில் ராஸ் தீவில் இருக்கும் அப்சர்வேஷன் ஹில். எரிமலைப் பாறை, உயரம் 230 மீட்டர்தான், அதே தீவில் புகைந்துகொண்டிருக்கும் எரபஸ் எரிமலை 3,794 மீட்டர். ஆனால் இது அந்தத் தீவின் ஒரு தீபகற்பத்தின் தென்முனையில் நிற்பதால் உச்சியிலிருந்து தெற்கே பனிவெளி முழுக்கத் தெரியும். 1912இல் தென்துருவத்துக்குப் போன பிரிட்டிஷ் பயணத் தலைவர் ஸ்காட் திரும்பி வருகிறாரா என்று அவருடைய ஆட்கள் இங்கே ஏறி ஏறிப் பார்த்தார்கள். அவரோடு சேர்த்துப் போன ஐந்து பேரில் ஒருவர்கூட வரவில்லை. 1913 ஜனவரியில் கப்பல் தச்சர் ஜாரா என்ற ஆஸ்திரேலிய மரத்தில் செய்த சிலுவையில் ஐந்து பெயரையும் செதுக்கி, அந்தக் கனத்த கட்டையை மேலே தூக்கிப்போய் நட்டார்கள், காத்திருந்த அதே இடத்தில். அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம் ஒன்று, பாப்பாவுக்கு இதைக் கட்டாயம் சொல். குன்றின் அடிவாரத்தில் அமெரிக்காவின் மெக்மர்டோ ஆய்வு நிலையம் இருக்கிறது. கப்பலில் டீசல் கொண்டுவரும் பாட்டைக் குறைக்க, 1962இல் இந்தக் குன்றின் சரிவையே வெட்டி ஒரு அணு உலை வைத்தார்கள். பத்து வருஷம் ஓடியது, பழுது மேல் பழுது, 1972இல் மூடிவிட்டார்கள். நாடுகள் சேர்ந்து கையெழுத்திட்ட அண்டார்க்டிக் உடன்படிக்கைப்படி கதிரியக்கக் கழிவை அங்கே போட்டுவிட்டு வரக்கூடாது, அதனால் உலையோடு சேர்த்து அதைச் சுற்றியிருந்த மண்ணையும் பாறையையும், ஆயிரக்கணக்கான டன், வெட்டியெடுத்துக் கப்பலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். 1979இல்தான் அந்த இடம் சுத்தம் என்று அறிவித்தார்கள். ஒரு மரம்கூட இல்லாத மலைக்கு இவ்வளவு செய்யவைத்தது காகிதத்தில் இருந்த ஒரு வரி, எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. வெட்டிய மலை வெட்டியதுதான், அந்த வருத்தமும் இருக்கிறது.

சிலுவை அங்குள்ள வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் 20ஆவது, சேதப்படுத்தவோ அகற்றவோ கூடாது. உலை இருந்த இடத்தில் ஒரு பாறையில் பதித்த வெண்கலத் தகடும் அதே பட்டியலில் 85ஆவதாக இருக்கிறது. பாப்பா இரண்டையும் எழுதட்டும், முடித்ததும் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
மணி