நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ரங்கூனில் இருந்து எழுதுகிறேன். உங்கள் பத்திரிகையை இங்கே போனில்தான் படிக்கிறேன். பழைய பிலிம் கேமராக்களைப் பற்றி நீங்கள் போட்டிருந்த கட்டுரையைப் படித்ததில் இருந்து எழுதக் கை பரபரத்துக்கொண்டே இருந்தது. கேமராவைப் பற்றி அவ்வளவு சொல்லிவிட்டு நெகட்டிவை, அதாவது படம் போட மூலமான அந்தக் கழுவிய பிலிமைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

எங்கள் வீட்டில் இருந்தது மெட்ராஸில் இருந்து வந்த அக்பா கிளிக் 3 கேமரா. 120 என்கிற அகலப் பிலிம், ரோலுக்கு 12 படம். பின்பக்கம் சின்னதாக ஒரு சிவப்புக் கண்ணாடி இருக்கும், அதில் அடுத்த எண் தெரியும்வரை திருக வேண்டும், மறந்தால் ஒரு படத்தின் மேலேயே இன்னொன்று விழுந்துவிடும். அத்தையின் மடியில் அப்பாவின் சைக்கிள் நிற்கிற படம் ஒன்று அப்படித்தான் வந்தது.

1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததற்கு அப்புறம் இங்கே வெளிநாட்டுச் சாமான் கிடைப்பது குதிரைக் கொம்பு. பிலிம் வேண்டுமென்றால் கப்பலில் வேலை பார்க்கிற யாராவது சிங்கப்பூரில் இருந்து கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் தாய்லாந்து எல்லை வழியாக மோல்மேனுக்கு வந்து சேர வேண்டும். 1964இல் அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டபோது கப்பலேறிப் போன சித்தப்பா, பின்னால் சென்னை பர்மா பஜாரில் கடை போட்டு, ஜப்பான் கேமராக்களாக அடுக்கி வைத்திருப்பதாக அப்பாவுக்குக் கடிதம் எழுதுவார். பர்மாவில் இருந்த எங்களுக்குத்தான் பர்மா பஜார் கேமராவுக்குக் கொடுப்பினை இல்லை.

நானே ஒன்று வாங்கலாம் என்று இந்த ஊர்ப் பணத்தில் 75 கியாட் நோட்டுகளாகச் சேர்த்து வைத்தேன். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கேமரா போச்சு. அதைப் பற்றி இப்போது பேசி என்ன ஆகப் போகிறது, விடுங்கள்.

தொண்ணூறுகளில் பழைய பென்டாக்ஸ் கே1000 ஒன்று கைக்கு வந்தது. பேட்டரி செத்தாலும் ஷட்டர் ஓடும், வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் முள் மட்டும் அசையாது. 100 வேகப் பிலிம் போட்டு நல்ல வெயிலில் லென்சின் துவாரத்தை எஃப் 16, ஷட்டரை 1/125 நொடி என்று வைத்தால் பெரும்பாலும் படம் பழுதில்லாமல் வரும். 36 படம் என்று போட்டிருக்கும் ரோலில் 38 வரைக்கும் இழுத்துவிடுவேன், ரோல் விற்ற விலைக்கு அந்த இரண்டு படமும் லாபம். படம் எடு எடு என்று மொய்க்கிற பிள்ளைகளுக்கு வெறும் ஃபிளாஷ் மட்டும் அடித்து அனுப்பிய பாவமும் உண்டு. அதற்குத் தண்டனையோ என்னவோ, ஒரு வருஷம் தீமிதியை முழுசாக எடுத்து முடித்துவிட்டுச் பிலிமைத் திருப்பிச் சுற்றலாம் என்று பார்த்தால் அதன் நுனி உள்ளே இருக்கிற பல்லில் மாட்டவே இல்லை, ஒன்றுகூட விழவில்லை. அன்றையில் இருந்து லீவரைத் தள்ளும்போதெல்லாம் பிலிம் நகர்ந்தால் சுற்றுகிற இடப்பக்கக் குமிழ் சுற்றுகிறதா என்று பார்க்கிற வழக்கம் வந்தது.

மழைக்காலத்தில் லென்சில் பூஞ்சை பிடிக்கும் என்று வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து பிஸ்கட் டப்பாவில் கேமராவோடு வைப்போம். ஆனால் படங்களை அப்படிப் பார்த்துக்கொள்ளவில்லை. பிளாஸ்டிக் தாள் போட்ட ஆல்பத்தில் ஒட்டிவைத்ததெல்லாம் இங்கத்தி ஈரத்தில் அப்படியே பிடித்துக்கொண்டது, பிரித்தால் முகம் தாளோடு வருகிறது. எங்களைக் காப்பாற்றியது பழைய கவரில் கிடந்த நெகட்டிவ்தான். வீடு மாறும்போது அதைத்தான் முதலில் குப்பையில் போடுகிறார்கள், கறுப்பாக இருக்கிறதே, இது என்னத்துக்கு என்று.

இப்போது நெகட்டிவில் இருந்து படத்தை மீட்க ஸ்டூடியோவும் வேண்டாம். ஒரு போனில் வெறும் வெள்ளைத் திரையை வைத்து, அதற்கு ஒரு விரல் உயரத்தில் நெகட்டிவைப் பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து, இன்னொரு போனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறும்படி நிறத்தைத் திருப்பிப் போடுங்கள். திரையோடு ஒட்டி வைத்தால் திரையின் புள்ளிகளும் படத்தில் விழும். கறுப்பு வெள்ளை சுலபம். கலர் நெகட்டிவில் ஆரஞ்சுச் சாயம் இருப்பதால் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அதை முதலில் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

பர்மாவில் இருந்து அங்கே வந்த குடும்பங்கள் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒருமுறை கையை விட்டுப் பார்க்கட்டும் என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் நன்றாக இருக்கும். சித்தப்பா மகன் வீட்டில்கூட ஒரு டப்பா இருக்கிறதாம், திறந்து பார்க்க நேரமில்லை என்கிறான். அவனும் உங்கள் பத்திரிகை வாசகன்தான்.

இப்படிக்கு,
ரங்கூன் வாசகன்