தண்ணி சேருதா, அம்மிணி?

அம்மிணி,

இங்க எல்லாரும் சௌக்கியம். உனக்கு பெங்களூர்த் தண்ணி சேருதா? போர்த்தண்ணியைத் தலைக்கு ஊத்தாதே, முடி கொட்டும்னு அம்மா எழுதச் சொன்னா.

நோம்பி அன்னிக்கு ஒறம்பரையெல்லாம் கூடியிருக்கறப்ப வீடியோவுல வந்தே. ஒட்ட வெட்டின தலையைப் பாத்ததும் "இதென்ன கண்றாவி"ன்னுட்டேன். துப்பட்டாவை எடுத்துத் தலையில போட்டுட்டு, சிரிச்ச மாதிரியே போனை வெச்சுட்டே. மாசம் ரெண்டாச்சு. அம்மாகிட்ட மட்டும் பேசறே. அப்பன் என்ன அசலூர்க்காரனா?

எதுக்கெடுத்தாலும் நம்ம வாயில வர்ற சொல்லுதான் அது. சட்டை பொருந்தாட்டிக் கண்றாவி, பக்கத்து வீட்டுச் சண்டைன்னா "என்ன கண்றாவியோ". கண்ணராவிங்கறதுதான் தேஞ்சு இப்படி ஆயிருச்சு. அராவறதுன்னா என்னன்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 35 வருசம் வைஸ்ல வார்ப்பை மாட்டி அரம் போட்டவன். முரட்டு அரம் ஓடறப்ப பல்லு கூசும். அது கண்ணுல ஓடினா எப்படியோ அப்படி. வலி பாக்கறவனுக்குத்தான். கிணத்துல விழுந்த புள்ளையை மேல தூக்கினப்ப, "அந்தக் கண்ணராவியை என்னால பாக்க முடியலை சாமி"ன்னு என்னைப் பெத்த ஆத்தா அழுதுச்சு. அழுதுட்டுச் சொன்ன சொல்லை நாம மூஞ்சியைச் சுளிச்சுட்டுச் சொல்றோம்.

நீ டீம் லீடர் ஆனதை அன்னிக்கு வந்த அத்தனை பேருத்துகிட்டயும் சொன்னேன். உன்கிட்டச் சொல்லலை. எண்ணெய் வெக்கறயா? செக்கு எண்ணெய் அனுப்பி விடறேன்.

இன்னொண்ணு. அம்மாவுக்கே தெரியாது. 1989-ல கோயமுத்தூர் கணபதியில பட்டறை வேலைக்குச் சேந்த புதுசு. ஆத்தா அன்னூர்ல பஸ் ஏறி, தூக்குப்போசியில அரிசியும்பருப்பு சாதம் எடுத்துட்டு பட்டறை கேட்டுக்கே வந்துருச்சு. ரவிக்கை இல்லாத வெள்ளைச் சீலை, வெறுங்காலு. கூட வேலை செய்யறவங்க எட்டி எட்டிப் பாத்தாங்க. "இந்தக் கண்றாவிக் கோலத்துல இங்கெல்லாம் வராதே"ன்னேன். போசியை என்ற கையில குடுத்துட்டு, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கிச்சு. "வரலை சாமி"ன்னுச்சு. அப்புறம் சாகற வரைக்கும் அந்தப் பக்கமே வரலை. அந்தப் போசி பரண்ல கெடக்குது. மூடியைக் காணோம். நேத்துப் பூராவும் தேடினேன்.

முடி நீயா வெட்டிக்கிட்டதுதானே அம்மிணி? தானாக் கொட்டலையே? அம்மா கேக்கறா. தண்ணி சேராட்டிச் சொல்லு.

அப்பா