கிரேடு 5 கேட்டோம், தூய டைட்டானியம் வந்திருக்கிறது

பெறுநர்: தரக்கட்டுப்பாட்டு மேலாளர்

பொருள்: 12 மி.மீ. டைட்டானியம் கம்பிகள் தவறான கிரேடில் வந்தது குறித்துப் புகார்

மதிப்பிற்குரிய ஐயா,

செயற்கைக் கால்களுக்கான இணைப்பு ஊசிகளைக் கடைந்து தரும் சிறிய பட்டறை எங்களுடையது. 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் சேர்ந்த கிரேடு 5 கம்பிகள் 40 கேட்டிருந்தோம். வந்தவற்றின் முனையில் கிரேடு 5 என்றுதான் முத்திரை இருக்கிறது. சான்றிதழும் அதையே சொல்கிறது.

முதல் கம்பியை லேத்தில் ஏற்றிய சில நிமிடங்களிலேயே எங்கள் ஆபரேட்டர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். கிரேடு 5 கடையும்போது விழும் சுருளின் விளிம்பில் ரம்பப்பல் போல வெட்டு தெரியும். இதுவோ வழவழவென்று நாடாவாக நீண்டு டூலைச் சுற்றிக்கொண்டது. உடனே மூன்று துண்டுகளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினோம். அலுமினியமும் வனேடியமும் இல்லை என்றே சொல்லலாம். இழுவலிமை 440 மெகாபாஸ்கல். கிரேடு 5 குறைந்தது 895 தாங்க வேண்டும்.

தொலைபேசியில் பேசிய உங்கள் அலுவலர், "99 சதவீதத்துக்கு மேல் டைட்டானியம் இருக்கிறது, நீங்கள் கேட்டதைவிடச் சுத்தமான சரக்குதானே" என்றார். அந்தப் பதில்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால்தான் உலோகம் வளைகிறது. அலுமினிய அணு டைட்டானியத்தின் இடத்தில் உட்கார்ந்து அந்த வழுக்கலுக்குத் தடை போடுகிறது. தூய டைட்டானியத்தில் 882 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் நிலைக்கும் பீட்டா என்ற படிக அமைப்பில் ஒரு பகுதியை, வனேடியம் அறை வெப்பநிலையிலும் கலையாமல் வைத்திருக்கிறது. அறை வெப்பநிலையில் டைட்டானியத்தின் வழக்கமான படிக அமைப்பான ஆல்பாவும் இந்தப் பீட்டாவும் நுண்ணியதாகக் கலந்து கிடப்பதிலிருந்தும் வலிமை வருகிறது. நாங்கள் பணம் கொடுத்தது அந்தப் பத்து சதவீதத்துக்கு.

இன்னொன்று. சான்றிதழில் ஆக்சிஜன் என்ற கட்டத்தில் வெறும் கோடு போட்டிருக்கிறீர்கள். டைட்டானியத்தில் அதைவிட முக்கியமான எண் வேறு என்ன இருக்கிறது? கிரேடு 1 முதல் 4 வரை எல்லாமே தூய டைட்டானியம்தான். ஆக்சிஜன் வரம்பு 0.18 சதவீதத்திலிருந்து 0.40 வரை ஏறுகிறது, கூடவே இரும்பு சிறிது. அவ்வளவிலேயே குறைந்தபட்ச இழுவலிமை 240 மெகாபாஸ்கலிலிருந்து 550 ஆகிவிடுகிறது. அணுக்களுக்கு இடையே உள்ள சந்தில் ஆக்சிஜன் ஆப்பு மாதிரி இறுகிக்கொள்வதால் வரும் வலிமை அது. அளவு மீறினால் அதே ஆக்சிஜன் உலோகத்தை நொறுங்க வைக்கும். அதனால்தான் உடலுக்குள் பொருத்தும் கிரேடு 23இல் அதை 0.13க்குள் அடக்குகிறார்கள்.

ஒரு மனிதர் படியிறங்கும்போது அவருடைய முழு எடையும் எங்கள் ஊசியில் இறங்குகிறது. ஆபரேட்டர் கவனிக்காமல் விட்டிருந்தால் அது வளைந்திருக்கும்.

முழுத் தொகையையும் சோதனைக் கட்டணத்தையும் திருப்பித் தாருங்கள். இனி அனுப்பும் கம்பிகளுக்கு ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் அளவுகளும் சான்றிதழில் இருக்க வேண்டும். இவற்றைவிட அவசரமானது, இதே ஹீட் நம்பரில் (ஒரே உருக்கலில் வந்த சரக்கின் அடையாள எண்) கம்பி வாங்கிய மற்றவர்களுக்கு இன்றே தகவல் சொல்வது. சொல்லியாயிற்று என்பதை எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சோதனை அறிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன். மீதிக் கம்பிகளைச் சிவப்புப் பெயின்ட் அடித்துத் தனியே கட்டி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்