தீமிதிப் படம் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரை பிறந்தால் ஆடி முடிகிறவரைக்கும் ஏதாவது ஓர் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் தீமிதி உங்கள் மாவட்டப் பக்கத்தில் வந்துவிடுகிறது. நெருப்பில் ஓடுகிற ஆள், பின்னால் கூட்டம், கீழே "திரளான பக்தர்கள் பங்கேற்பு". படம் மாறினாலும் அந்த வரி மாறுவதில்லை. சரி, தீமிதி விசேஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது கடைசி நாள் சங்கதி. அதற்கு முன்னால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் தெருக்கூத்து என்று நாள்கணக்கில் ஊரே பாரதத்துக்குள் குடியிருக்கிறதே, அதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் ஒரு வரி நான் பார்த்ததில்லை.

பிரசங்கியார் வில்லிபாரதத்தில் எந்த இடத்தைப் படித்துப் பொருள் சொன்னாரோ, ராத்திரி அதையொட்டித்தான் கூத்து கட்டுவார்கள். அர்ச்சுனன் தபசுக்கு வெட்டவெளியில் உயரமான பனைமரத்தை நட்டுப் படி அடித்திருக்கும். வேஷக்காரர் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறி உச்சியில் உட்கார்ந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார், பிள்ளை வரம் கேட்டு ஈரப்புடவையோடு நிற்கிற பெண்கள் முந்தானையில் ஏந்துவார்கள். அண்ணாந்து பார்க்கிற எனக்கே கால் கூசும்.

கடைசி நாள் படுகளம். களிமண்ணில் மல்லாந்து கிடக்கிற துரியோதனன் தொடையில் பீமன் அடித்ததும் உள்ளே புதைத்த கலயத்திலிருந்து செந்நீர் வரும். அதைத் தொட்டுத்தான் திரௌபதி, துகில் உரிந்த ராத்திரியிலிருந்து விரித்தே வைத்திருந்த கூந்தலை முடிப்பாள். அந்த மண்ணில் ஒரு பிடியை, நெல் பெருகும் என்று மடியில் கட்டிக்கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதெல்லாம் ஆன பிறகுதான் ஐயா தீமிதி. சபதமே தெரியாதவருக்கு முடிச்சை மட்டும் காட்டி என்ன பிரயோஜனம்?

புரிசை கிராமத்துத் தம்பிரான்களின் கூத்தைப் பார்த்து அசந்துபோன எழுத்தாளர் ந. முத்துசாமி 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவை ஆரம்பித்ததை எல்லாரும் எழுதிவிட்டார்கள். பக்கத்து ஊரில் இன்றைக்கு ஆடுகிற ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், பெயரைத்தான் யாரும் எழுதுவதில்லை.

ஆள் வருவதில்லை என்று எங்கள் ஊரில் இந்த வருஷம் பத்து ராத்திரிக் கூத்தை மூன்றாகக் குறைத்துவிட்டு மீதிக்குப் பாட்டுக் கச்சேரி வைத்துவிட்டார்கள். எந்த ராத்திரி என்ன கூத்து என்று அடுத்த ஊருக்கே தெரியாதபோது ஆள் எப்படி வரும்? நோட்டீஸ் டீக்கடைச் சுவரோடு நின்றுவிடுகிறது. நீங்கள் தினமும் போடுகிற 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் ஊர், கூத்து, ஜமா, வாத்தியார் பெயர் என்று ஒரே ஒரு வரி சேர்க்கக் கூடாதா?

அப்புறம், தீமிதிக்கு அனுப்புகிற புகைப்படக்காரரை அடுத்த தடவை கர்ண மோட்சத்தன்றே அனுப்பிவையுங்கள். நாற்காலி கிடைக்காது, பாய் கொண்டுவரச் சொல்லுங்கள். கர்ணன் விழுவதற்குள் விடிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செஞ்சி வட்டம்