வாசலில் நின்ற தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அப்பாவின் அடக்க ஆராதனையன்று பெட்டி ஆலயத்துக்குள் இருந்தது, நீ வாசலிலேயே நின்றுவிட்டாய். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபையோடு சேர்ந்து ஜெபிக்க மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றாய். அன்றைக்கு உன்னோடு பேச எனக்குத் தெம்பில்லை. மாதக்கணக்காக மனதில் கிடப்பதை இன்று எழுதிவிடுகிறேன்.

"எங்களுக்குப் பிரிவெல்லாம் கிடையாது அக்கா, கிறிஸ்து மட்டும்தான்" என்று அடிக்கடி சொல்வாய். கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தின் முதல் அதிகாரத்தை மறுபடியும் நிதானமாக வாசி. பவுலைச் சேர்ந்தவன், அப்பொல்லோவைச் சேர்ந்தவன், கேபாவைச் சேர்ந்தவன் என்று கட்சிகளைச் சொல்லிக்கொண்டே வருகிறார் பவுல். நாலாவதாக, "நான் கிறிஸ்துவைச் சேர்ந்தவன்" என்கிறவர்கள். அவர்களையும் அதே வரிசையில்தான் நிறுத்துகிறார். கிறிஸ்துவின் பெயரைக்கூடக் கட்சிப் பெயராக்கிவிட முடியும் என்று எனக்கு உறைத்தது அந்த இடத்தில்தான்.

உபதேசம் எப்படியிருந்தால் என்ன என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்கும் ஒத்துப்போகாது. 1529இல் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில், சபைச் சீர்திருத்தத்தின் இரண்டு தலைவர்களான லூத்தரும் ஸ்விங்லியும் சந்தித்தார்கள். 15 விஷயங்களில் 14இல் ஒருமனம். திருவிருந்தைப் பற்றிய பதினைந்தாவதிலும் பெரும்பகுதி ஒத்துப்போயிற்று. அப்பத்திலும் ரசத்திலும் ஆண்டவரின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே இருக்கிறதா என்ற ஒரே கேள்வியில் நின்றுவிட்டது. "இது என் சரீரம்" என்ற வார்த்தையை லூத்தர் மேசைமேல் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டு பேசினார். அந்த உறுதியை நான் மதிக்கிறேன். வசனத்தின்மேல் இருந்த வைராக்கியம் அது. ஆனால் ஸ்விங்லி கண்ணீரோடு சகோதர ஐக்கியம் கேட்டபோது லூத்தர் மறுத்துவிட்டார். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். சகோதரனுக்குக் கைகொடுக்கக் கூடாது என்று அந்த வசனம் அவர் கையைக் கட்டிப்போடவில்லையே, தம்பி.

விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல், அதாவது தேவன் பாவியை எப்படி நீதிமானாக ஏற்றுக்கொள்கிறார் என்பது பற்றிக் கத்தோலிக்கரும் லூத்தரன் சபைகளும் 1999இல் ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். முன்பு ஒருவர்மேல் ஒருவர் விதித்த பழைய கண்டனங்கள் இந்த அறிக்கை சொல்லும் போதனையைத் தொடாது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்த சபைகளும் சேர்ந்துகொண்டன. அதற்குப் பின்னால் பல வருஷப் பேச்சுவார்த்தை இருக்கிறது. ஒருவரும் தன் விசுவாசப் பிரமாணத்தைக் கிழித்துப்போடவில்லை. இன்னும் ஒரே மேசையில் திருவிருந்து எடுக்க முடியவில்லை, அது உண்மைதான். ஆனாலும் சேர்ந்து ஜெபிக்கிறார்கள்.

உன்மேல் மட்டும் குறை சொன்னால் அது நியாயமாகாது. நீ முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த சமயம், எங்கள் சபையில் சிலர் உன் ஜெபத்தையும் கண்ணீரையும் கேலி பேசினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. நீ விலகிப் போனதில் என் மௌனத்துக்கும் பங்குண்டு. என்னை மன்னித்துவிடு.

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை வருகிறது. திருவிருந்தும் இருக்கும். நீ எடுக்க வேண்டாம், உன் மனசாட்சியை நான் நெருக்க மாட்டேன். உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார். அப்பாவுக்குப் பிடித்த பாட்டை நீ பாடிக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

அன்புடன்,
அக்கா