சர்க்கரை உருண்டையும் 870 ஆடுகளும்

அன்புள்ள தேவகி,

எட்டு மாதமாக ஒரு வரி இல்லை. இப்போது வந்த கடிதத்தில் முக்கால்வாசி கமலா வீட்டுக் கல்யாணப் பந்தி. அதற்கு நடுவே, "கழுத்தில் ஆபரேஷன் முடிந்தது" என்று ஒரு வரி. கடைசியில், "தைராய்டு மாத்திரையை விட்டுவிட்டு ஹோமியோபதிக்கு மாறலாமா, நீ என்ன சொல்கிறாய்?" என்று ஒரு கேள்வி. பரீட்சை ரிசல்ட்டையும் இப்படித்தானே பின்கட்டில் ஒளித்து வைத்துச் சொன்னாய்! இங்கே எல்லோரும் சௌக்கியம். பந்தியைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

மாறாதே. பதில் அவ்வளவுதான். ஆனால் நீ கணக்கு டீச்சர், வழிமுறை எழுதாத விடைக்கு மார்க் போட மாட்டாய். அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியில் "டோட்டல் தைராய்டெக்டமி" என்றிருக்கிறது. தைராய்டுச் சுரப்பி முழுவதும் போய்விட்டது, ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை. அது சுரந்த ஹார்மோன் தைராக்சின். இனி உன் உடம்புக்கு அது வர வேண்டுமென்றால் அந்த மாத்திரை பாட்டிலிலிருந்துதான் வர வேண்டும். தலைவலி மாத்திரையோடு இதைச் சேர்க்காதே. சுரப்பி செய்துகொண்டிருந்த அதே பொருளைத்தான் இப்போது வெளியிலிருந்து எடுத்துக்கொள்கிறாய்.

உன் கொழுந்தனாருடைய ஆபீஸ் நண்பரின் மனைவி ஹோமியோபதியில் "சரியாகி" மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். அவருக்குப் பாதிச் சுரப்பியை மட்டும் எடுத்தார்களா என்று கேள். பாதி இருந்தால் பலருக்கு மீதிப் பாதியே சமாளித்துவிடும், மாத்திரையே வேண்டியிருக்காது. பிரசவத்துக்குப் பிறகு வரும் தைராய்டு அழற்சியும் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் தானாகவே அடங்கும். அந்த நேரத்தில் எந்த ஹோமியோபதி உருண்டையைச் சாப்பிட்டிருந்தாலும் பெயர் அதற்குத்தான். உன் விஷயத்தில் தானாகச் சரியாக அங்கே என்ன இருக்கிறது, சொல்.

ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு. தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 7 நாள் ஆகும். இன்று நிறுத்தினால் முதல் வாரக் கடைசியில் பாதி, இரண்டாம் வாரத்தில் கால், நாலு வாரத்தில் பதினாறில் ஒரு பங்கு. முதல் பத்து நாளில் உனக்கு வித்தியாசமே தெரியாது. "பார்த்தாயா, மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறேன், உருண்டை வேலை செய்கிறது" என்பாய். மாதம் திரும்பும்போது முகம் ஊதி, குரல் கரகரத்து, மலச்சிக்கலும் குளிரும் பிடித்துக்கொள்ளும். இன்னும் விட்டால் நாடித்துடிப்பு இறங்கும், புத்தி மந்தமாகும். அந்த நிலையில் ஒரு நிமோனியாவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் நினைவே தப்பிவிடும். அது ஐ.சி.யூ.வில் வைத்துப் பார்க்க வேண்டிய கேஸ்.

இது ஊகமும் இல்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோகர் என்ற சர்ஜன் முழுச் சுரப்பியையும் சுத்தமாக எடுப்பதில் பெயர் பெற்றவர். பழைய நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தபோது அவர்களில் பெரும்பாலோர் வீங்கி, மந்தமாகிப்போயிருந்தார்கள். அதை 1883-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். 1909-இல் நோபல் பரிசும் வாங்கினார். அன்றைக்குக் கொடுக்க மாத்திரை கிடையாது.

மாற்று வந்தது 1891-இல். இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே, சுரப்பி வேலை செய்யாத 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியாகக் கொடுத்தார். அந்த அம்மாள் 74 வயது வரை, 1919 வரை இருந்தார். அதற்குச் செலவான ஆடுகள் 870-க்கும் மேல்! இப்போது உன் ஹோமியோபதி டாக்டர் எழுதியிருக்கும் 'தைராய்டினம் 30சி' பக்கம் வா. அதுவும் ஆட்டுத் தைராய்டிலிருந்து செய்வதுதான். மர்ரேயின் ஆடு காப்பாற்றியது, இது காப்பாற்றாது. காரணம் அளவு.

கணக்கைப் போட்டுப் பார். உன் 100 மைக்ரோகிராம் மாத்திரையில் சுமார் 750 கோடி கோடி மூலக்கூறுகள். 1சி என்றால் ஒரு பங்கு மருந்து, 99 பங்கு திரவம். ஒவ்வொரு படியிலும் முந்தையதில் நூறில் ஒரு பங்கைத்தான் அடுத்ததற்கு எடுப்பார்கள். உன் மாத்திரையை இப்படிக் கரைத்தால் எட்டாவது படியில் ஏழெட்டு மூலக்கூறு, ஒன்பதாவதில் ஒன்றுகூட இருக்காது. அவர்கள் முப்பது படி போகிறார்கள். ஹாஸ்டல் மோரே தேவலை, அதிலாவது கருவேப்பிலை மிதந்தது.

அந்த டாக்டரிடம் எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. மூட்டுவலிக்கோ மனசுக்கோ அந்த உருண்டை வேண்டுமென்றால் சாப்பிடு, ஆனால் தைராய்டு மாத்திரையோடு. "இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் என் மருந்து பிடிக்கும்" என்று சொன்னாராமே, அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் தலையாட்டாதே. ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆய்வுக் கவுன்சில் 2015-இல் இருந்த ஆராய்ச்சிகளையெல்லாம் அலசிவிட்டு, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்றது. நோய்க்கே அப்படியென்றால், இல்லாத சுரப்பிக்கு?

சரி, திட்டினது போதும். நீ ஏன் மாறப் பார்க்கிறாய் என்பது எனக்குப் புரிகிறது. "மாத்திரை போட்டும் அசதி, முடி கொத்துக் கொத்தாய் வருகிறது, டி.எஸ்.எச். 14." டி.எஸ்.எச். என்பது தைராய்டை வேலை செய்யச் சொல்லி மூளைக்கு அடியிலிருந்து வரும் ஹார்மோன், தைராக்சின் குறைந்தால் அது ஏறும். அந்த 14-ஐப் பார்த்ததும்தான் எனக்குச் சந்தேகம். உன் எடை 64 கிலோ. சுரப்பி இல்லாதவர்களுக்குக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது தொடக்கக் கணக்கு, உனக்கு 102 வருகிறது. எழுதிக்கொடுத்த 100 சரிதான். அப்படியானால் மாத்திரை வாய்க்குள் போகிறது, ரத்தத்துக்குப் போகவில்லை.

ஏன் என்றும் நீயே எழுதியிருக்கிறாய்: "காலை அஞ்சரைக்கு ஃபில்டர் காபியோடு எல்லா மாத்திரையும் போட்டு முடித்துவிடுவேன்." அடிப்பாவி! காபி ஒரு பக்கம் தைராக்சினைக் குடலில் ஏற விடாது. கால்சியம் அதைப் பிடித்துக் கட்டிக் கழிவோடு வெளியே கொண்டுபோகும். அயர்ன் மாத்திரையும் அப்படியே, ஜெலுசில் மாதிரி அமிலமாற்றிகளும் அப்படியே. நாலு மாதமாகப் பாதி மாத்திரை வீணாகியிருக்கும். (உன் கால்சியம் மாத்திரை சிப்பி ஓட்டிலிருந்து செய்ததாக இருக்கும், லேபிளைப் பார். ஹோமியோபதியின் கல்கேரியா கார்ப்பும் அதே சிப்பி ஓடுதான். கடைசியில் இரண்டு வைத்தியத்துக்கும் சிப்பி ஒன்றே!)

ஆகவே இப்படிச் செய். எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை மட்டும். காபிக்கு ஒரு மணி நேரம் பொறு, முடியாவிட்டால் அரை மணியாவது. கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடும் ராத்திரிச் சாப்பாட்டோடும் எடு, அது உணவோடுதான் நன்றாகச் சேரும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், அயர்னுக்கும் நடுவே நாலு மணி நேரம் இருக்கட்டும். காபியை விடவே முடியாதென்றால் ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது தைராய்டு மாத்திரையைப் போடலாம், ஆனால் அப்போது ராத்திரிக் கால்சியத்தை வேறு நேரத்துக்குத் தள்ளணும், டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்று. ஒரு நாள் மறந்தால் ஞாபகம் வந்தபோது போட்டுக்கொள், உலகம் முழுகாது. பாட்டிலை அடுப்புக்கு மேல் அலமாரியில் வைக்காதே. சூடும் வெளிச்சமும் ஈரமும் அதன் வீரியத்தைக் குறைக்கும்.

கால்சியத்தையும் நீயாக நிறுத்திவிடாதே. தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நாலு குட்டிப் பாராதைராய்டுச் சுரப்பிகள்தான் ரத்தத்தில் கால்சியத்தைச் சரியாக வைப்பவை, அவை ஆபரேஷனில் அதிர்ந்துபோயிருக்கலாம். உதட்டோரம் குறுகுறுவென்றோ, விரல் நுனி மரத்தோ, கை இழுத்துக்கொண்டோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

முடிக்காக பயோட்டின் வைட்டமின் போடுகிறாய் இல்லையா? சில லேப் மெஷின்களில் அது டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் தைராக்சின் அளவான டி4-ஐக் கூட்டியும் காட்டிவிடும். உன் 14 நிஜத்தில் இன்னும் மேலேகூட இருக்கலாம். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்து. அன்று காலை மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகு போட்டுக்கொள். நேரத்தை மாற்றி 6 முதல் 8 வாரம் கழித்துப் பரிசோதித்தால்தான் எண் நிலைக்கும். அதற்குமுன் பார்த்துக் குழம்பாதே. முடியும் அவசரப்படாது, எண் சரியான பிறகும் சில மாதம் பிடிக்கும்.

இன்னொன்று, இது விளையாட்டில்லை தேவகி. உன் கட்டி பாப்பிலரி கேன்சர், தைராய்டில் வரும் ஒரு வகைப் புற்றுநோய். அந்த வகைச் செல் எங்காவது ஒன்றிரண்டு ஒட்டியிருந்தால் அதை வளரச் சொல்வதே டி.எஸ்.எச்.தான். அதனால் உனக்கு மாத்திரை இரண்டு வேலை செய்கிறது: இல்லாத ஹார்மோனைக் கொடுக்கிறது, டி.எஸ்.எச்.சையும் அடக்கி வைக்கிறது. மறுபடி வரும் ஆபத்து குறைவானவர்களுக்கு டி.எஸ்.எச்.சைப் பொதுவாக 0.5 முதல் 2 வரை வைப்பார்கள், அதிகமானவர்களுக்கு 0.1-க்கும் கீழே. நீ எதில் என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேள். கேன்சர் திரும்புகிறதா என்று பார்க்கும் தைரோகுளோபுலின் ரத்த டெஸ்ட் எப்போது என்றும் கேள். அவர் அவசரத்தில் இருந்தால் அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போ, அவர் கேட்கத் தொடங்கினால் யாரும் எழுந்திருக்க முடியாது.

ஏற்கனவே நிறுத்திவிட்டாயா? கடிதத்தில் அந்த இடத்தை மழுப்பியிருக்கிறாய். நிறுத்தியிருந்தால் நாளைக் காலை அதே 100-ஐத் தொடங்கு, விட்ட நாளுக்குச் சேர்த்து இரண்டாகப் போடாதே. டாக்டருக்கு ஒரு போன் போட்டு எத்தனை நாள் விட்டாய் என்று உள்ளதைச் சொல்.

பதில் எழுது, எட்டு மாதம் கழித்து வேண்டாம்.

உன்
செல்வி

பி.கு.: கடையில் வேறு கம்பெனி பாட்டிலை நீட்டினால் வாங்காதே. ஒரே கம்பெனியில் இரு. மாற வேண்டி வந்தால் ஆறு வாரத்தில் டெஸ்ட். அப்புறம், பந்தியில் பால் பாயசமா, அடைப் பிரதமனா? அதை எழுதவே இல்லையே.